ரேடியோ காத்த எண்

அவள் வாயில் எதுவும் தங்காது. வீட்டுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். சின்ன வயசில் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அண்ணன். அவன் பிறந்தநாளுக்காக அப்பா ஒரு சைக்கிள் வாங்கி மாடியில் போர்வை போட்டு ஒளித்துவைத்திருந்தார். அவள் நேரே அண்ணனிடம் போய், "மாடிக்கு மட்டும் போயிடாதே, அங்க சைக்கிள் எதுவும் இல்லை" என்றாள். அன்றைக்கு ஒட்டிய பெயர். கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகளுக்கும் கல்யாணமாகி, காதோரம் முடி வெளுத்த பிறகும் பெயர் உதிரவில்லை.

அந்தப் பெயரை அலுவலகம் வரைக்கும் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், அவளேதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டீ நேரத்தில், யாரும் கேட்காமலே சொல்லிவிட்டாள். மறுநாள் காவலாளிகூட "வாங்க ரேடியோம்மா" என்றார்.

அது வானத்தைப் படமெடுத்து ஆராயும் நிலையம். தொலைநோக்கி எங்கோ ஒரு மலைமேல் இருக்கிறது. அது எடுக்கும் படங்கள் இங்கே, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சர்வர் அறைக்கு வந்து சேரும். படங்களைப் பத்திரப்படுத்துவது, நகலெடுத்து வைப்பது, எந்த இயந்திரம் சூடாகிறது என்று பார்ப்பது, மேலே ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது எல்லாம் ரேடியோவின் வேலை. அந்த அறை எப்போதும் குளிரும். வெயில் கொளுத்தும் நாளிலும் அவள் பச்சை ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் இன்னும் ஓங்கிப்போயிருந்தது.

மேலே என்ன ஆராய்கிறார்கள் என்பதை அவள் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவனுக்கு விளக்கினாள். அவர் வீட்டுக்குக் கீழேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கையிலிருக்கும் கவளத்தைக் கீழே வைத்துவிடுவார்.

"தூரத்துல இருக்கிற கேலக்ஸியோட, அதான் நட்சத்திரக் கூட்டத்தோட, வெளிச்சம் நம்மகிட்ட வர்ற வழியில, நடுவுல கனமா ஏதாவது இருந்தா அது வெளிச்சத்தை வளைச்சிடும்ங்க. அதனால அந்த கேலக்ஸி கொஞ்சம் இழுபட்ட மாதிரி தெரியும்."

"எவ்வளவு இழுபடும்?"

"நூத்துல ஒரு பங்கு இருந்தா பெரிசு."

"இவ்வளவு சின்னக் குறைக்கு என் கடைக்கு எவனும் வரமாட்டான்."

"ஒண்ணைப் பார்த்தா தெரியாதுதான். கோடிக்கணக்குல பார்த்து மொத்தமா கணக்குப் போட்டா தெரியும். கண்ணுக்கே தெரியாத பொருள் எங்கெங்க எவ்வளவு குவிஞ்சிருக்குன்னு அதை வெச்சுத்தான் எடை போடறாங்க."

கணவர் கவளத்தை மறுபடியும் கையில் எடுத்தார். "அப்போ வானம் முழுக்க லென்ஸு. யார் பில் போடறது?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

எடை போட்டு முடித்த பிறகுதான் மேல்மாடியில் சண்டை. இந்தப் பிரபஞ்சம் முழுவதையும் கையளவு எண்களை வைத்துச் சொல்லிவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. எளிய கணக்கு என்பார்கள். அது அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. ஆனால் எங்கோ ஓர் ஓரத்தில் நெருடுகிறது. பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது கிளம்பிய பழைய வெளிச்சம், இன்றைக்குப் பொருள் எல்லாம் இவ்வளவு திரண்டிருக்க வேண்டும் என்கிறது. வளைந்த வெளிச்சமோ, கொஞ்சம் குறைச்சலாகத்தான் திரண்டிருக்கிறது என்று சொல்வதுபோல இருக்கிறது. அது நிஜமான வித்தியாசமா, அளந்தவர்கள் கையில் இருக்கும் பிசகா?

நிஜம்தான் என்று நம்பியவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், நடக்கும்போதும் விரல்களால் காற்றில் எழுதிக்கொண்டே போவார். எளிய கணக்கோடு இன்னும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பிரபஞ்சத்தை விரிய வைக்கும் அந்த இருள் ஆற்றல் எப்போதும் ஒரே அளவில் இல்லாமல் காலத்தோடு மெல்ல மாறுகிறது, அந்த மாற்றத்துக்கு ஓர் எண் வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் அவருக்குக் கூட்டல்காரர் என்று பெயர்.

"இஷ்டத்துக்கு எண்ணைக் கூட்டிக்கிட்டே போனா எதை வேணும்னாலும் எதோட வேணும்னாலும் பொருத்திடலாம் சார்" என்று மற்றவர்கள் சீண்டுவார்கள்.

"நான் என்ன பத்தா கேக்கறேன்? ஒண்ணே ஒண்ணு. அதுவும் குட்டி எண்" என்பார் அவர், கடைக்காரரிடம் கொசுறு கேட்பவரைப் போல.

தீர்ப்புச் சொல்ல அவர்கள் மூன்று சாட்சிகளை வைத்திருந்தார்கள். வளைந்த வெளிச்சம் ஒன்று, வெடித்துச் சிதறும் விண்மீன்களின் பிரகாசம் ஒன்று, அந்தப் பழைய வெளிச்சம் ஒன்று. மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். முதல் சாட்சியைத் தயார் செய்வதுதான் இந்த நிலையத்தின் வேலை. அதற்கே வருஷக்கணக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு சங்கடம். ஆளாளுக்கு மனசுக்குள் ஒரு விடை இருக்கிறது. தனக்குப் பிடித்த விடை வந்தால் பிழை தேடும் கை தானாக நின்றுவிடும். பிடிக்காத விடை வந்தால் கை ஓயாமல் துருவும். ஆகவே வேலை முடியும்வரை விடை யார் கண்ணிலும் படக் கூடாது. படங்களில் இருக்கும் எல்லா இழுபடலையும் ஒரு ரகசிய எண்ணால் கொஞ்சம் மாற்றிவைத்துவிடுவார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் பார்ப்பதெல்லாம் மாற்றிய விடை. எல்லாச் சோதனையும் முடிந்து, இனி ஒரு கோட்டைக்கூடத் தொடமாட்டோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த எண்ணை எடுத்து நிஜ விடையைத் திறப்பார்கள். நடுவில் கசிந்தது தெரிந்தால் அத்தனையும் வீண். புது எண் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரேடியோ இதையும் வீட்டில் சொன்னாள். கணவர் தலையாட்டினார். "லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் பண்ண வர்றவங்க முன்கூட்டியே வந்து எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிடுவாங்க. அதனாலதான் நான் ஆளை உக்கார வெக்கிறவரைக்கும் பலகை மேல துணி போட்டு வெப்பேன்."

மறுநாள் அதை அவள் அலுவலகத்தில் ஒலிபரப்பினாள். அதுமுதல் அங்கே எண்ணை மறைப்பதற்குத் துணி போடுவது என்றும், திறப்பதற்குத் துணி எடுப்பது என்றும் பெயராயிற்று.

துணி போட வேண்டிய நாளும் வந்தது. குழுவின் தலைவி உயரமான பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பவர். கூட்டத்தில் அவர் சொன்னார்: "கம்ப்யூட்டரே எண்ணைப் போட்டுக்கும். ஆனா ஃபைல் கெட்டுப்போனா ஒரு மனுஷருக்காவது அது தெரிஞ்சிருக்கணும். எந்த விடை வந்தாலும் நிம்மதியாத் தூங்கறவங்களா இருக்கணும். இந்த ரூம்ல அப்படி யாரும் இல்லை."

பிறகு மூலையில் புரொஜெக்டர் வயரைச் சரிபண்ணிக்கொண்டிருந்த ரேடியோவைப் பார்த்தார். எல்லோரும் அவர் பார்வை போன வழியில் பார்த்தார்கள். அறை சிரிப்பில் அதிர்ந்தது.

கூட்டல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடம், அதுக்கு நாம நேரா பேப்பர்லயே விளம்பரம் கொடுத்துடலாம்" என்றார்.

தலைவி சிரிக்கவில்லை. "இதுவரைக்கும் அவங்ககிட்ட யாராவது ஒரு ரகசியத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

யாரும் கொடுத்ததில்லை. ரேடியோ வயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். யோசித்துப் பார்த்தால் அம்மா கொடுத்ததில்லை, அண்ணன் கொடுத்ததில்லை, கல்யாணமான இத்தனை வருஷத்தில் கணவரும் கொடுத்ததில்லை. எல்லோரும் அவளிடமிருந்து ஒளித்தார்கள், அவள் கண்டுபிடித்தாள், சொன்னாள். அதுதான் வழக்கம்.

"நான் பார்த்துக்கறேன் மேடம்" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

அந்த எண்ணைத் திரையில் ஒரே ஒரு தடவை பார்த்துப் பூட்டிவைத்தாள். தன் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? வாயை நம்ப முடியாது, அதனால் வாய்க்குத் தீனி போடக் கூடாது என்று முடிவெடுத்தாள். அவளிடம் இருப்பது எண் மட்டும். மேலே இருப்பவர்களிடம் இருப்பது மாற்றிய விடையைக் காட்டும் வரைபடம் மட்டும். இரண்டும் ஒரே தலைக்குள் சேர்ந்தால்தானே விடை? ஆகவே அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. கூட்ட அறைக்குப் போனால் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வாள். டீ அறைச் சுவரில் புதுப் படம் ஒட்டியிருந்தால், கெட்டிலிடம் பேசுவதுபோல அந்தப் பக்கமே திரும்பி நிற்பாள். இதை ஒருத்தரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவள் பேச்சு மட்டும் நிற்கவில்லை. எதிர்வீட்டு நாய், கடைக்கு வந்த மாறுகண் வாடிக்கையாளர், அண்ணன் மனைவியின் புதுப் பல்செட் என்று எல்லாச் செய்தியும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் செய்தாள். ரகசிய எண்ணில் நடுவே ஒரு புள்ளி உண்டு. பேச்சுவாக்கில் அது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், புள்ளி வைத்த எண்களையே பேச்சிலிருந்து ஒதுக்கிவிட்டாள். கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் தொலைபேசியில் எவ்வளவு என்று கேட்டார். "தொட்டா சுடுது" என்றாள். "எவ்வளவும்மா?" என்றார் மறுபடியும். "நல்லாவே சுடுது டாக்டர்."

இப்படி மாதங்கள் ஓடின. சோதனைகள் ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டு வந்தன. துணி எடுக்கும் நாள் நெருங்கியது. அப்போதுதான் வேறூரில் இருக்கும் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"மெஷினுங்கதான் இருக்கு. சொல்லு கண்ணு."

மகள் சொன்னாள். ரேடியோ இயந்திர அலமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கும் மருமகனுக்கும் இதற்காக எத்தனை வருஷக் காத்திருப்பு. முன்பு ஒரு தடவை வந்தது தங்கவில்லை. அந்தத் தடவை சேதி தெரிந்த அன்று மாலைக்குள் ரேடியோ சொந்தம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். பிறகு ஒவ்வொருத்தரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னது மகள்.

"இந்தத் தடவை டாக்டர் ஸ்கேன் பார்த்து சரின்னு சொல்றவரைக்கும் யாருக்கும் வேண்டாம்மா. அப்பாவுக்கும் வேண்டாம். அப்பாகிட்ட நான் நேர்ல வந்து சொல்லணும்."

"அப்போ என்கிட்ட மட்டும் எதுக்குடி சொன்னே?"

"உன்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியலை" என்றாள் மகள். அவளும் அந்த அம்மாவின் மகள்தானே.

இப்போது ஒரு வாய்க்கு இரண்டு ரகசியம். முதலாவது எண், அதற்குக் கையும் இல்லை காலும் இல்லை, சும்மா கிடந்தது. இரண்டாவது அப்படியா? உள்ளே துள்ளியது. எதிரே கணவர் உட்கார்ந்து சாப்பிடும்போது நாக்கு நுனிவரை வந்து எட்டிப்பார்த்தது. ரேடியோ தண்ணீர் குடித்தாள். அத்தனை தண்ணீர் குடித்தாள். "உனக்கு சுகர் டெஸ்ட் பண்ணணும்" என்று கணவர் கவலைப்பட்டார்.

வாயை மூடிவிட்டாள், முகத்தை என்ன செய்வது? சர்வர் அறையில் தானாகப் பாட்டு வந்தது. மாடிப்படி ஏறும்போது காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. ஒருநாள் எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொண்டு போனாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை, பசிக்குமேன்னு" என்றாள். விசேஷம் இருந்தும் அவள் சொல்லாதது அதுதான் முதல் தடவை என்பதைக் கூட்டல்காரர் கவனித்துவிட்டார்.

கவனித்தால் அவர்கள் சும்மா இருக்கும் ஆட்கள் இல்லை. அளந்துவிடுவார்கள். டீ அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் கூட்டல்காரர், பழைய நாட்களுக்கு எல்லோருடைய ஞாபகத்தையும் கேட்டு, கீழே நாட்களையும் பக்கவாட்டில் ரேடியோவின் சிரிப்பையும் குறித்து, ஒரு கோடு போட்டார். சாதாரண முகத்துக்குப் பூஜ்யம், புன்னகைக்கு ஒன்று, பாட்டுக்கு இரண்டு, கேக்குக்கு மூன்று. பல மாதம் தரையோடு தரையாகக் கிடந்த கோடு ஓர் இடத்தில் விசுக்கென்று எழும்பி மேலேயே நின்றது. மேலே தலைப்பு எழுதினார்: நாலாவது சாட்சி.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆளாளுக்கு வந்து புள்ளி வைத்தார்கள். பிறகு ஒருவர், "எண்ணும் அவங்ககிட்ட இருக்கு, நம்ம படமும் சுவத்துல இருக்கு. கழிச்சுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? பெரிசா ஏதோ வந்திருக்கு, அதான் அக்கா முகம் இப்படி" என்றார். எளிய கணக்கே சரி என்று வந்தால் யார் கேக் வாங்குவார்கள்? கூட்டல்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. அறிவிப்பு நாளுக்கென்று கருநீலத்தில் ஒரு சட்டைகூட வாங்கிவிட்டார்.

துணி எடுக்க ஒரு வாரம் இருக்கும்போது தலைவி டீ அறைக்கு வந்தார். அவர் வழக்கமாகத் தன் அறையிலேயே டீ குடிப்பவர். தலைமேல் தேடிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பலகையை நெடுநேரம் பார்த்தார்.

"இதை நம்பறீங்களா?" என்று கூட்டல்காரரைக் கேட்டார்.

அவருக்குப் பொய் வராது. "கொஞ்சம் நம்பிட்டேன் மேடம்."

"அப்போ கசிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அவங்க முகத்துல விடை இருந்ததுன்னா இத்தனை நாள் நாம துணி இல்லாமதான் வேலை பார்த்திருக்கோம். புது எண் போட்டு மறுபடியும் ஆரம்பிக்கணும்."

மறுபடியும் என்றால் ஒரு வருஷமாவது ஆகும். சிலர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள். ரேடியோவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் பச்சை ஸ்வெட்டரோடு ஏறி வந்தாள். பலகையைப் பார்த்தாள். தன் சிரிப்பு இப்படிக் கோடாகக் கிடக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"மேடம், உங்க படத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்றாள். "எண் மட்டும்தான் தெரியும். கழிக்கிறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

"நான் நம்பறேன். ஆனா நான் நம்பினாப் போதாது. ஒரு ரூமே உங்க முகத்தைப் பார்த்து ஒரு விடையை நினைச்சிருக்கு. இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததுன்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சது."

ரேடியோ வாயைத் திறந்தாள். எத்தனை வாரமாக அடைத்துவைத்தது, இதோ வாசலில் நிற்கிறது. நல்ல காரியத்துக்காகச் சொல்வதுதான், யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அப்புறம், இல்லை என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டிருந்த மகளின் குரல் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். படிக்கட்டுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தாள்.

"நாளன்னைக்குத்தாம்மா ஸ்கேன்" என்றாள் மகள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "உனக்கு ரொம்ப நெருக்கடின்னா இப்பவே சொல்லிடும்மா. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்." ஆனால் அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது.

"நெருக்கடி எல்லாம் ஒண்ணுமில்லை. நீ சாப்பிட்டியா?"

திரும்பி வந்து தலைவியின் முன்னால் நின்றாள். "காரணம் இருக்கு மேடம். ஆனா அது என்னோட ரகசியம் இல்லை. நாளன்னைக்குத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் நீங்க என்னை வேலையை விட்டே அனுப்பினாலும் சொல்லமாட்டேன்."

ரேடியோ, தெரிந்த ஒன்றைச் சொல்லமாட்டேன் என்கிறாள். தலைவியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பின் ஓரம் தெரிந்தது. மேஜை விரிப்பை உருவி வெள்ளைப் பலகையின் மேல் போட்டு மூடினார். "சரி. இதுக்கும் துணி போட்டாச்சு. நாளன்னைக்கு எடுக்கலாம்."

ஸ்கேன் நாளன்று ரேடியோ ஒரு ஃபைலையும் உருப்படியாக நகலெடுக்கவில்லை. மத்தியானம் மகளிடமிருந்து ஒரு வரி செய்தி வந்தது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, குழந்தையின் நீளம் இவ்வளவு, சாயங்காலம் வருகிறோம் என்று. அவள் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதும் யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்குத்தான் முதலில்.

சாயங்காலம் கணவர் போன் செய்தார். பின்னணியில் மகளின் சிரிப்பும், கடை மணியின் கிணுகிணுப்பும் கேட்டன.

"ஏம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியுங்க."

"வாரக்கணக்கா?"

"ஆமாங்க."

"நீயா?" என்றார். "என் எதிர்லயே உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டா? கையில பிடிச்சிருந்த லென்ஸைக் கீழ போட்டுட்டேன். வாடிக்கையாளர் ஒத்தைக் கண்ணாடியோட உக்காந்திருக்கார். அவருக்கும் சந்தோஷமாம்."

ரேடியோ இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினாள். டீ அறையில் எல்லோரும் இருந்தார்கள். யாருமே வீட்டுக்குப் போகவில்லை. அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும்முன்பே இரண்டு பேர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டைவிரலை உயர்த்தி, "இப்போ இவ்வளவுதான் இருக்காம்" என்று காட்டினாள்.

தலைவி பலகையின் துணியை எடுத்தார். "மகள் எப்போ போன் பண்ணாங்க?"

ரேடியோ சொன்னாள். அன்று அடைமழை பெய்து கீழ்த்தளத்துக் கதவு வரை தண்ணீர் வந்திருந்தது. அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கூட்டல்காரர் பலகைக்குப் பக்கத்தில் போய் விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே வந்தார். மழை பெய்த நாளில் நின்றார். கோடு விசுக்கென்று எழும்பியது அங்கேதான். அவர் முகம் மாறியது.

"மேடம், நாம சுவத்துல முழுப் படத்தை ஒட்டினது இதுக்கு அடுத்த வாரம்" என்றார் மெல்ல. "அதுக்கு முன்னாடி ஒட்டினதெல்லாம் துண்டு துண்டுதான், கழிச்சுப் பார்க்க இங்க யார்கிட்டயும் எதுவும் இல்லை. படம் வர்றதுக்கு முன்னாடியே அக்கா சிரிச்சாச்சு." தலையில் அடித்துக்கொண்டார். "இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும். எனக்குப் பிடிச்ச விடை வந்ததும் தேடறதை நிறுத்திட்டேன்."

அறை சிரித்தது. எதற்காகத் துணி போடுகிறோம் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் அங்கே யாரும் கொடுத்ததில்லை.

"இதை நம்பி எந்தச் சோதனையையாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார் தலைவி.

"இல்லை மேடம். ஒரு சட்டை வாங்கினேன்."

"யாராவது?" என்று மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். யாரும் எதையும் தொடவில்லை. சோதனைகள் எல்லாம் அதற்கு முன்பே பூட்டப்பட்டிருந்தன. "அப்போ கசியலை. குறிச்ச நாள்லயே துணி எடுக்கறோம்."

அந்த நாளில் கூட்டல்காரர் புதுச் சட்டையிலேயே வந்தார். வாங்கியாயிற்று, என்ன செய்வது. ரேடியோ கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் நின்றவர்களின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. பூட்டைத் திறந்து, அந்த எண்ணை இலக்கம் இலக்கமாக அடித்தாள். பிறகு முதல் தடவையாகத் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள்.

மூன்று சாட்சிகளும் மூன்று வளையங்களாக, கொஞ்சம் நசுங்கிய முட்டைகளைப் போல இருந்தன. நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கோடு. கூட்டல்காரர் கேட்ட அந்தக் குட்டி எண் பூஜ்யம் என்றால் விடை அந்தக் கோட்டின் மேல் விழும். இரண்டு வளையங்கள் ஏற்கெனவே கோட்டைத் தழுவி நின்றன. மூன்றாவது, அவர்கள் வருஷக்கணக்காகப் பாடுபட்ட வளையம், தள்ளி நின்றிருந்தது. ரேடியோ பொத்தானைத் தட்டினாள். வளையம் மறைந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பத் தோன்றியபோது அது மற்ற இரண்டின் மேலேயும் வந்து உட்கார்ந்திருந்தது, தன் வீட்டுத் திண்டில் சாய்வதுபோல.

யாரோ கை தட்டினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கூட்டல்காரர் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"கோடு உள்ளதான் இருக்கு" என்றார். "மூணும் பூஜ்யத்தை ஒத்துக்குது. என் எண் தேவையில்லை."

ஒரு நிமிஷம் கழித்து, "ஆனா நட்டநடுவுல இல்லை. கொஞ்சம் ஓரமா..."

"ஆரம்பிச்சுட்டார்" என்றது கூட்டம் ஒரே குரலில். அவரும் சேர்ந்து சிரித்தார். தோற்றவர் முகமாக அது இல்லை. இத்தனை பெரிய பிரபஞ்சம் இத்தனை சின்னக் கணக்குக்குள் மறுபடியும் அடங்கிவிட்டதை அவரே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்காகவா நான் இத்தனை மாசம் திரைச்சீலையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள் ரேடியோ. "அதுல எத்தனை பூ இருக்குன்னு கேளுங்க, சொல்றேன்."

டீ அறைக்குப் போனபோது பலகையில் சிரிப்புக் கோடு அப்படியே இருந்தது. யாரும் அழிக்கவில்லை. அதன் கீழே கூட்டல்காரர் புதிதாக எழுதினார்: அளந்தது சரி, அளந்த பொருள்தான் வேறு.

தலைவி அன்று டீயை அங்கேயே குடித்தார். "அடுத்த தொகுதிப் படங்கள் வரப்போகுது. மறுபடியும் துணி போடணும். எண் யார்கிட்ட இருக்கட்டும்?" என்று கேட்டார். யாரும் யோசிக்கவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"வெச்சுக்கறேன் மேடம்" என்றாள் ரேடியோ. "ஆனா குழந்தை பிறந்ததும் ரொம்ப நாளைக்கு என் முகம் இப்படியேதான் இருக்கும். யாரும் புள்ளி வைக்கக் கூடாது."

வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு வாரமாக வெளியூர் போய் லைனில் கிடைக்காமலே இருந்த அண்ணன் போன் செய்தான். "என்ன ரேடியோ, உங்க ஆபீஸ்ல ஏதோ பெரிய விடையைத் திறக்கறாங்கன்னு சொன்னியே, என்ன வந்தது?"

"அதை இன்னும் வெளிய அறிவிக்கலைண்ணா."

"உனக்குத் தெரியுமில்லை?"

"தெரியும்."

அண்ணன் காத்திருந்தான். ஒரு சத்தமும் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று, "ரேடியோ, இருக்கியா?" என்றான்.

"இருக்கேன். அதை விடு. நீ மாமா தாத்தா ஆகப்போறே, அதைக் கேளு" என்று ஆரம்பித்தாள். போன் வந்ததிலிருந்து, மழை, கேக், லென்ஸ் கீழே விழுந்தது, ஒற்றைக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்வரை எதையும் விடவில்லை. தெருமுனை வந்தது, கடை வந்தது, மாடிப்படி வந்தது, பேச்சு நிற்கவில்லை. வந்த நாளிலிருந்து இங்கேயே தங்கியிருந்த மகள் கதவைத் திறந்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வழிவிட்டாள்.

"குழந்தை எவ்வளவு இருக்காம்?" என்றான் அண்ணன், போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு.

ரேடியோ வாசலிலேயே நின்றாள். ரகசிய எண் இப்போது வெளியே வந்தாகிவிட்டது. இனி எந்தப் புள்ளிக்கும் பயப்பட வேண்டியதில்லை.

"அஞ்சு புள்ளி நாலு சென்டிமீட்டர்ணா" என்றாள், ஒவ்வொரு சொல்லாக, ருசித்து. "அஞ்சு புள்ளி நாலு."